விற்கப்பட மறுத்த ஷோர்ட்ஸ்டொப்: ஜோன் மொன்ட்கொமரி வோர்டும் தோற்றுப்போன ஒரு லீக்கும்

1889 ஜனவரி கடைசியில், அவுஸ்திரேலியாவிலிருந்து சுயெஸ் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பல் கொழும்பில் நின்றது. அதில் இரண்டு அமெரிக்க பேஸ்போல் அணிகள் வந்திருந்தன. விளையாட்டுச் சாமான் வியாபாரியும் சிக்காகோ அணியின் முதலாளியுமான அல்பேர்ட் ஸ்போல்டிங், தன் விளையாட்டையும் தன் கடைச் சரக்கையும் உலகத்துக்குக் காட்ட ஒழுங்குசெய்த சுற்றுப்பயணம் அது. வீரர்கள் கொழும்பில் இறங்கி ஒரு காட்சிப் போட்டி ஆடினார்கள். பிறகு எகிப்துக்குப் போய் பிரமிட்டுகளுக்குப் பக்கத்தில் ஆடினார்கள்.

ஒரு அணி சிக்காகோவினுடையது. மற்றது பல கழகங்களிலிருந்தும் பொறுக்கியெடுத்த "முழு அமெரிக்க" அணி. அதற்குத் தலைவர் ஜோன் மொன்ட்கொமரி வோர்ட். வயது 28. நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியின் ஷோர்ட்ஸ்டொப். கொலம்பியாவில் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் விளையாட்டு வீரர்கள் அமைத்த முதலாவது தொழிற்சங்கத்தின் தலைவரும் அவர்தான்.

பேஸ்போல் எங்களுக்கு அவ்வளவு பழக்கமில்லாத விளையாட்டு. அப்ப ஏன் ஒரு பழைய பேஸ்போல்காரரைப் பற்றி இவ்வளவு கதைக்கிறம் எண்டு கேட்கலாம். வோர்ட் எழுப்பிய கேள்வி விளையாட்டைவிடப் பெரியது. ஒரு மனிதன் தன் உழைப்பை விற்கலாம். ஆனால் அந்த உழைப்பை வாங்கியவர் மனிதனையே இன்னொருவருக்கு விற்கலாமா? இந்தக் கேள்விக்காக அவர் ஒரு லீக்கையே கட்டினார். அது ஒரேயொரு பருவம்தான் நின்றுபிடித்தது. அது ஏன் விழுந்தது, அதன் கதவு யாருக்குத் திறக்கவேயில்லை என்ற இரண்டையும் சேர்த்துத்தான் இந்தக் கதையை வாசிக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

பந்து எறிந்த பொடியன்

வோர்ட் 1860 மார்ச் 3ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தில் பெல்போன்ற் என்ற ஊரில் பிறந்தார். 14 வயதாகும்போது தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் கொஞ்சக் காலம் படித்தார், அங்கேதான் பேஸ்போலும் பிடிபட்டது. பிறகு கல்லூரி அவரை வெளியேற்றியது. கோழி களவெடுத்த விவகாரமும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

1878இல், 18 வயதில், புரொவிடன்ஸ் அணிக்குப் பந்து எறிபவராக, அதாவது பிட்சராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு 587 இன்னிங்ஸ் பந்து எறிந்து 47 போட்டிகளை வென்று கொடுத்தார். ஒரு போட்டிக்கு வழமையாக 9 இன்னிங்ஸ். இன்றைய ஒரு முன்னணி பிட்சர் ஒரு பருவத்தில் 200 இன்னிங்ஸ் எறிந்தாலே பெரிய விஷயம். அந்த ஆண்டு புரொவிடன்ஸ்தான் சம்பியன்.

1880 ஜூன் 17ஆம் திகதி பஃபலோ அணிக்கு எதிராக, வந்த 27 துடுப்பாட்டக்காரர்களில் ஒருவரைக்கூட முதலாவது பேஸைத் தொட விடாமல் ஆட்டமிழக்கச் செய்தார். பெரிய லீக் வரலாற்றில் இப்படியான "முழுமை ஆட்டம்" அது இரண்டாவது. முதலாவது அதற்கு ஐந்து நாளைக்கு முன்னர்தான் நடந்திருந்தது. 1882இல் டெட்ரொயிற்றுக்கு எதிராக 18 இன்னிங்ஸ் நீண்ட ஒரு போட்டி முழுவதையும் தனியாளாக எறிந்து 1-0 என்று வென்றார்.

ஒரு கை இவ்வளவையும் எத்தனை வருசத்துக்குத் தாங்கும்? 1883இல் நியூயோர்க் அணிக்கு மாறினார். 1884இல் வலக்கை காயப்பட்டது. பந்து எறியும் வாழ்க்கை அதோடு முடிந்தது. வேறொருவர் என்றால் ஊருக்குத் திரும்பியிருப்பார். வோர்ட் இடக்கையால் எறியப் பழகி, வெளிக்களத்தில் நின்று ஆடினார். வலக்கை ஓரளவு தேறியதும் 1885இல் உட்களத்துக்கு வந்து ஷோர்ட்ஸ்டொப் ஆனார்.

எங்கட பள்ளிக்கூடங்களில எல்லே விளையாடினவைக்கு இதை விளங்கப்படுத்துறது லேசு. அடித்துவிட்டு நிலை நிலையாக ஓடி வர வேண்டும். பேஸ்போலில் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவர்தான் ஷோர்ட்ஸ்டொப். வலக்கைத் துடுப்பாட்டக்காரர் நிலத்தோடு அடிக்கும் பந்துகளில் கனக்க அந்தப் பக்கமாகத்தான் வரும். ஓடிப் பிடித்து, குறுக்காக முதலாவது பேஸ் வரை எறிய வேண்டும். கண், கால், கை, மூளை நாலும் ஒன்றாக வேலை செய்ய வேண்டிய இடம். பிட்சராக வாழ்ந்த ஒருவர் 25 வயதில் அதைப் புதிதாகப் பழகி, நாட்டின் மிகச் சிறந்த ஷோர்ட்ஸ்டொப்களில் ஒருவரானார். 1887இல் 111 பேஸ்களைத் திருடி லீக்கில் முதலிடம் பெற்றார். பேஸ் திருடுவது என்றால், பந்து அடிபடுவதற்காகக் காத்திராமல் எதிரணி அசந்த நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது. பிட்சராக 160க்கு மேற்பட்ட வெற்றிகளும் துடுப்பாட்டக்காரராக 2,100க்கு மேற்பட்ட ஹிட்களும் பெற்றவர் இவர். ஒரே ஆள் 100 வெற்றியையும் 2,000 ஹிட்டையும் தாண்டியது வேறு எவருக்கும் வாய்க்கவில்லை.

அந்த 1885ஆம் ஆண்டு இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. கொலம்பியாவில் அவருடைய சட்டப் படிப்பு முடிந்தது. ஒக்டோபரில், நியூயோர்க் அணி வீரர்கள் ஒன்பது பேர் சேர்ந்து "தொழில்முறை பேஸ்போல் வீரர்களின் சகோதரத்துவம்" என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள்.

ரிசேர்வ் என்ற கயிறு

சங்கம் எதற்கு? அதற்கு "ரிசேர்வ் விதி" என்றால் என்னவென்று தெரிய வேண்டும்.

1879 செப்டெம்பரில் நஷனல் லீக் முதலாளிகள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்தார்கள். ஒவ்வொரு கழகமும் ஐந்து வீரர்களின் பெயரை ஒதுக்கி வைக்கலாம். அந்த ஐந்து பேரையும் மற்றக் கழகங்கள் எடுக்கக் கூடாது. முதலில் அது இரகசியம். வீரர்களுக்குப் போட்டி போட்டுச் சம்பளம் கொடுப்பதை நிறுத்துவதுதான் நோக்கம். 1883இல் அந்த எண் 11 ஆனது. 1887இல் 14. அப்போதைய ஒரு கழகத்தில் 14 பேர் என்றால் ஏறக்குறைய முழு அணியுமே.

ஐ.பி.எல். பார்க்கிற எங்களுக்கு அணிகள் வீரர்களைத் "தக்கவைக்கும்" பட்டியல் பழக்கம். இதையும் அப்படித்தான் எண்டு நினைச்சால் பிழைச்சுப்போம். அங்கே சில வருசத்துக்கு ஒருமுறை பெரிய ஏலம் வருகிறது, கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. ரிசேர்வுக்கு முடிவே இல்லை. ஒரு வீரர் ஒரு பருவத்துக்குத்தான் ஒப்பமிடுவார். பருவம் முடிந்ததும் கழகம் அவரை "ரிசேர்வ்" செய்யும். அவர் அடுத்த ஒப்பந்தத்தையும் அதே கழகத்தோடுதான் போட வேண்டும். அதன் முடிவிலும் ரிசேர்வ். சம்பளம் காணாது எண்டால் வேற இடம் போக ஏலாது. விளையாட்டையே விட்டுட்டுப் போகத்தான் ஏலும். ஆனால் கழகம் அவரை வேண்டாம் என்று நினைத்தால், பத்து நாள் அறிவித்தல் கொடுத்து அனுப்பிவிடலாம். கயிறு ஒரு பக்கம்தான் இறுகியது.

1885இல் முதலாளிகள் இன்னொன்றும் செய்தார்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 2,000 டொலருக்கு மேல் சம்பளம் இல்லை என்று உச்சவரம்பு வைத்தார்கள். சில முதலாளிகளே அதைக் கள்ளமாக மீறினார்கள் என்பது வேறு கதை.

கழகங்கள் வீரர்களைக் காசுக்கு விற்கவும் தொடங்கின. 1887இல் சிக்காகோ தன் நட்சத்திர வீரர் மைக் "கிங்" கெலியைப் பொஸ்டனுக்கு 10,000 டொலருக்கு விற்றது. அந்தக் காலத்துக்கு அது தலை சுற்றும் தொகை. அந்தப் பத்தாயிரமும் போய்ச் சேர்ந்தது சிக்காகோ முதலாளிக்கு. கெலிக்குச் சம்பளம் 2,000 டொலர். அவருடைய படத்தைப் பாவிக்கும் உரிமைக்கென்று சொல்லி மேலே 3,000. உச்சவரம்பை மீறாமல் மீறும் வழி அது. கெலி பிரச்சினை பண்ணவில்லை. ஆனால் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு விஷயம் வெளிச்சமானது. என்னுடைய பெறுமதி 10,000 என்றால், அது ஏன் என்னிடம் வராமல் இன்னொருவரின் பொக்கற்றுக்குப் போகிறது?

1887 ஓகஸ்டில் லிப்பின்கொற்ஸ் என்ற சஞ்சிகையில் வோர்ட் ஒரு கட்டுரை எழுதினார். பேஸ்போல் வீரர் ஒரு உடைமையா என்பதுதான் அதன் தலைப்பிலேயே இருந்த கேள்வி. உணர்ச்சிவசப்பட்டு எழுதிய கட்டுரை அல்ல. சட்டத்தரணியின் மூளையோடு எழுதியது. ரிசேர்வ் விதி கழகங்களைக் காப்பாற்ற வந்த ஒரு தற்காலிக ஏற்பாடு என்பதை அவர் ஒத்துக்கொள்கிறார். அது எப்படி மனிதர்களை விற்கும் கருவியானது என்பதைப் படிப்படியாகக் காட்டுகிறார். பிறகு மிகவும் கனமான ஒரு ஒப்பீட்டை வைக்கிறார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து எசமானிடமே திருப்பிக் கொடுத்த சட்டம் போன்றது இந்த விதி என்கிறார். உள்நாட்டுப் போர் முடிந்து அப்போது 22 ஆண்டுகள்தான். வாசித்த ஒவ்வொருவருக்கும் அந்தச் சொல்லின் பாரம் தெரியும்.

அதே கோடையில் மூடப்பட்ட கதவு

இந்த இடத்தில் நாங்கள் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

வோர்டின் கட்டுரை வருவதற்குச் சில கிழமைகளுக்கு முன், 1887 ஜூலை 14ஆம் திகதி, இன்டர்நஷனல் லீக் முதலாளிகள் பஃபலோவில் கூடி, இனிமேல் கறுப்பின வீரர்களோடு புதிய ஒப்பந்தம் செய்வதில்லை என்று வாக்களித்தார்கள். அந்த லீக்கில் பஃபலோ அணியின் இரண்டாவது பேஸில் ஃபிராங்க் கிரான்ற் என்ற கறுப்பின வீரர் ஆடிக்கொண்டிருந்தார். துடுப்பாட்டத்திலும் களத்தடுப்பிலும் லீக்கின் உச்சத்தில் இருந்தவர்களில் ஒருவர். அதே நாள் நியூவார்க் நகரில், சிக்காகோ அணித் தலைவர் கப் அன்சன், கறுப்பின பிட்சர் ஜோர்ஜ் ஸ்ரோவி களமிறங்கினால் தன் அணி ஆடாது என்று நின்றார். ஸ்ரோவி அன்று ஆடவில்லை. பெரிய லீக்கில் 1884இல் ரொலிடோ அணிக்கு ஆடிய மோசஸ் ஃபிளீற்வூட் வோக்கருக்குப் பிறகு, 1947இல் ஜக்கி ரொபின்சன் வரும் வரைக்கும் அந்தக் கதவு மூடியே கிடந்தது. எழுதப்பட்ட சட்டம் ஒன்றும் அதற்குத் தேவைப்படவில்லை. முதலாளிகளின் கைகுலுக்கல் போதுமாக இருந்தது.

வெள்ளை வீரர்களின் நிலையைச் சொல்ல வோர்ட் அடிமைச் சட்டத்தை உவமையாக எடுத்தார். அந்தச் சட்டத்துக்குக் கீழ் உண்மையாகவே வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் அதே கோடையில் அதே விளையாட்டிலிருந்து தள்ளப்பட்டார்கள். ஒருவரை விடாமல் கட்டி வைத்ததும் இன்னொருவரை உள்ளே விடாமல் தடுத்ததும் ஒரே முதலாளி வர்க்கம்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வாய்ப்பு சகோதரத்துவத்துக்கு இருந்தது. மூன்று ஆண்டுக்குப் பிறகு வீரர்கள் தங்களுக்கென்றே ஒரு லீக் அமைத்தபோது, அதில் ஒரு கறுப்பின வீரர்கூடச் சேர்க்கப்படவில்லை. "சகோதரத்துவம்" என்ற சொல்லின் எல்லை அதிலேயே தெரிகிறது.

இதைச் சொல்வதால் வோர்டின் போராட்டம் பொய்யாகிவிடாது. ஆனா அவரை ஒரு சிலையாக்கி வைச்சுக் கும்பிடுறதுக்கும் இது விடாது.

ஊரில் இல்லாத நேரம்

இனி அந்தச் சுற்றுப்பயணத்துக்கு வருவோம். 1888 ஒக்டோபரில் சிக்காகோவில் தொடங்கி, நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பல் ஏறினார்கள். வோர்ட் முழு அமெரிக்க அணிக்குத் தலைவர். சிக்காகோ அணிக்கு அதே அன்சன். அந்தப் பயணத்தில் கிளரன்ஸ் டுவால் என்ற கறுப்பினப் பொடியனை அதிர்ஷ்டப் பொம்மை மாதிரி வேடமணிவித்து ஆட வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

கப்பல் பசிபிக்கில் போய்க்கொண்டிருந்த அதே நவம்பரில், இன்டியனாபொலிஸ் முதலாளி ஜோன் பிரஷ் கொண்டுவந்த திட்டமொன்றை லீக் ஏற்றுக்கொண்டது. வீரர்களை ஏ முதல் ஈ வரை ஐந்து தரமாகப் பிரிப்பது. ஏ தரத்துக்கு 2,500 டொலர், ஈ தரத்துக்கு 1,500. தரம் பிரிக்கும்போது ஆட்டத்தை மட்டுமல்லாமல் களத்துக்கு வெளியிலான நடத்தையையும் பார்ப்பார்கள். அதாவது வாய் காட்டினால் தரம் இறங்கும். இதே காலத்தில் வோர்டையும் வாஷிங்டன் அணிக்கு 12,000 டொலருக்கு விற்கப் பேச்சு நடந்தது. வோர்ட் போக மறுத்துவிட்டார்.

சங்கத் தலைவர் உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கும்போது இதெல்லாம் நடந்தது தற்செயலா என்பதை வாசிப்பவர்களே யோசிக்கட்டும். வோர்ட் பயணம் முடியும் வரை நிற்கவில்லை. மற்றவர்களுக்கு முன்னரே ஐரோப்பாவிலிருந்து நாடு திரும்பினார்.

அவர் கொழும்பில் நின்ற அந்தக் காலத்தைப் பற்றி எங்களுக்கு ஒரு நினைப்பு வருகிறது. அந்தத் துறைமுகத்தில் ஏறிய தேயிலை மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தது. அந்தத் தோட்டங்களில் "துண்டு" என்ற முறை இருந்தது. தமிழ்த் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடனைத் தீர்த்தால் ஆளை விடலாம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு தேவை. கடனோ தீராது. துண்டு முறை 1921 வரை நீடித்தது. வோர்ட் இதை அறிந்திருந்தார் எண்டு நாங்கள் சொல்ல வரேல்ல. ஆயிரக்கணக்கில் சம்பளம் வாங்கிய வீரரையும் கொழுந்து பறித்துக் கடனோடு செத்த தொழிலாளியையும் ஒரே தட்டில் வைக்கவும் மாட்டோம். ஆனால் உழைப்பவர் இடம் மாறுவதைத் தடுத்தால் கூலியைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்பதை இரண்டு பக்க முதலாளிகளும் நன்றாகவே விளங்கி வைத்திருந்தார்கள்.

எட்டு அணிகள், ஒரு பருவம்

1889இல் சகோதரத்துவம் பிரஷ் திட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று லீக்கிடம் கேட்டது. பருவம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று பதில் வந்தது. சில வீரர்கள் உடனே வேலைநிறுத்தம் செய்யலாம் என்றார்கள். வோர்ட் மறுத்தார். அவருடைய மனதில் வேறொரு கணக்கு ஓடியது. வேலைநிறுத்தம் செய்து முதலாளியிடம் திரும்பிப் போவதைவிட, முதலாளி இல்லாமலே விளையாடினால் என்ன?

அந்த ஆண்டு நியூயோர்க் சம்பியனானது. வோர்ட் பகலில் ஷோர்ட்ஸ்டொப்பில் நின்றார். மற்ற நேரங்களில் காசு போடக்கூடியவர்களைத் தேடினார். கிளீவ்லன்ட் நகரத்தில் ட்ராம் வண்டிக் கம்பனி வைத்திருந்த அல் ஜோன்சன் முதலில் வந்தார். நவம்பர் 4ஆம் திகதி நியூயோர்க்கில் சகோதரத்துவம் தன் அறிக்கையை வெளியிட்டது. பேஸ்போல் வீரர்கள் ஆட்டு மந்தை போல வாங்கி விற்கப்படுகிறார்கள் என்று அதில் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

புதிய லீக்கின் பெயர் பிளேயர்ஸ் லீக். பொஸ்டன், புரூக்ளின், நியூயோர்க், சிக்காகோ, பிலடெல்பியா, பிற்ஸ்பேர்க், கிளீவ்லன்ட், பஃபலோ என்று எட்டு அணிகள். ரிசேர்வ் விதி இல்லை. தர வகுப்பு இல்லை. வீரரை அவருடைய சம்மதமில்லாமல் விற்க முடியாது. நிர்வாகக் குழுக்களில் காசு போட்டவர்களும் வீரர்களும் சேர்ந்து உட்காருவார்கள். இலாபத்திலும் வீரர்களுக்குப் பங்கு. வீரர்களே பங்குகளும் வாங்கினார்கள். இதைக் கூட்டுறவு எண்டு சொல்லலாமோ தெரியாது, ஆனா 1890இல் இவ்வளவு தூரம் போனதே பெரிய விஷயம்.

நஷனல் லீக் முதலில் நீதிமன்றத்துக்குப் போனது. நியூயோர்க் கழகம் வோர்டையே பிரதிவாதியாக்கி, அவரை வேறெங்கும் ஆடவிடக் கூடாது என்று தடையுத்தரவு கேட்டது. 1890 ஜனவரியில் நீதிபதி மறுத்துவிட்டார். ரிசேர்வ் செய்யப்படும் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் என்னவென்றே தெளிவில்லை. வீரர் காலமெல்லாம் கட்டுண்டிருக்க, கழகம் மட்டும் பத்து நாளில் விலகலாம் என்றால் அது சமனான ஒப்பந்தமும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். வோர்ட் தன் கட்டுரையில் வைத்த வாதத்துக்கு நீதிமன்றத்தில் உயிர் கிடைத்தது.

பிறகு காசு. ஸ்போல்டிங், கிங் கெலிக்குப் பத்தாயிரம் டொலர் காசோலையை நீட்டி, சகோதரத்துவத்தை விட்டு வரச் சொன்னார். கெலி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, கூட்டாளிகளைக் கைவிட ஏலாது என்று சொல்லிவிட்டாராம். இதை எழுதி வைத்தவர் ஸ்போல்டிங்கேதான். மூன்று வருசத்துக்கு முன் பத்தாயிரத்துக்கு விற்கப்பட்ட மனிதர், அதே பத்தாயிரம் தன் கைக்கே வந்தபோது வேண்டாம் என்றார். குடியும் கூத்துமாகத் திரிந்தவர் என்று பெயரெடுத்த கெலியின் வாழ்க்கையில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நாட்டின் பெரும்பாலான நட்சத்திரங்கள் பிளேயர்ஸ் லீக்குக்குப் போனார்கள். கெலியின் பொஸ்டன் சம்பியன், வோர்டின் புரூக்ளின் இரண்டாம் இடம். ஆனால் நஷனல் லீக் வேண்டுமென்றே ஒரே நகரத்தில் ஒரே நாளில் தன் போட்டிகளையும் வைத்தது. இருந்த சனம் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் பார்வையாளர் கணக்கில் பொய் சொன்னார்கள். அந்தக் கணக்குகளின்படி பார்த்தாலும் பிளேயர்ஸ் லீக்குக்குத்தான் கூடுதலான சனம் போனது. எல்லாரும் நட்டப்பட்டார்கள். நியூயோர்க் நஷனல் லீக் கழகம் பருவத்தின் நடுவிலேயே முறியும் நிலைக்கு வந்தது. மற்ற முதலாளிகள் காசு போட்டுத் தூக்கி நிறுத்தினார்கள்.

மேசைக்கு வெளியே

முடிவு மைதானத்தில் நடக்கவில்லை.

1890 ஒக்டோபரில் பிளேயர்ஸ் லீக்கில் காசு போட்டவர்கள் நஷனல் லீக் தலைவர்களோடு சமாதானம் பேசப் போனார்கள். ஸ்போல்டிங் தன் பக்க நட்டத்தை மூடி மறைத்து, எதிர்ப்பக்கத்தின் நட்டத்தைக் கறந்து கேட்டார். காசு போட்டவர்கள் பயந்துபோனார்கள். தங்களையும் பேச்சுவார்த்தையில் சேர்க்க வேண்டும் என்று வோர்டும் இன்னும் இரண்டு வீரர்களும் வந்தபோது, வீரர்களோடு பேச மாட்டோம் என்று நஷனல் லீக் மறுத்தது. வீரர்களின் பெயரில் இருந்த லீக்கின் கதி வீரர்கள் இல்லாத அறையில் தீர்மானமானது. ஒவ்வொருவராக விற்றுவிட்டோ பழைய கழகங்களோடு சேர்ந்துகொண்டோ போனார்கள். 1891 ஜனவரியோடு பிளேயர்ஸ் லீக் முடிந்தது. ரிசேர்வ் விதி திரும்பி வந்தது.

வீரர்கள் தங்களைக் கட்டிய கயிற்றை அறுத்தார்கள். சங்கத்தைக் கட்டுக்கோப்பாக வைத்திருந்தார்கள். வழக்கிலும் வென்றார்கள், சனமும் அவர்கள் பக்கம் கூட இருந்தது. ஆனால் காசு போட்டவர்களைக் கட்டி வைக்க அவர்களிடம் ஒன்றுமே இருக்கவில்லை. வீரருக்கு அது வாழ்க்கை. ஜோன்சன் போன்றவர்களுக்கு அது ஒரு முதலீடு. நட்டம் வந்ததும் முதலீடு எழும்பிப் போனது. வோர்ட் முதலாளிகளுக்கு எதிராக வேறு முதலாளிகளை நம்பினார். இரண்டு பக்கத்து முதலாளிகளும் கடைசியில் ஒரே மொழியில் கதைத்துக்கொண்டார்கள்.

வோர்ட் 1891இலும் 1892இலும் புரூக்ளினில் ஆடியும் முகாமைசெய்தும், பிறகு நியூயோர்க்குக்குத் திரும்பினார். 1894இல் அவருடைய நியூயோர்க் அணி பல்ரிமோரை வென்று டெம்பிள் கிண்ணத்தைப் பெற்றது. அதோடு 34 வயதில் விளையாட்டை விட்டுச் சட்டத்தரணியானார். கழகங்களுக்கு எதிராக வீரர்களின் வழக்குகளை எடுத்தார். 1912இல் நஷனல் லீக்கிலேயே பொஸ்டன் கழகத்தின் பங்காளியும் தலைவருமாக இருந்தார். சங்கத் தலைவர் முதலாளியானார் என்று இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். எங்களுக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. தோற்றுப்போன போராட்டத்துக்குப் பிறகும் மனிதர்கள் இன்னும் முப்பது நாற்பது வருசம் வாழ வேண்டியிருக்கிறது. வோர்ட் 1925 மார்ச் 4ஆம் திகதி, 65ஆவது பிறந்தநாளுக்கு அடுத்த நாள் இறந்தார். பேஸ்போலின் புகழ் மண்டபம் 1964இல்தான் அவரைச் சேர்த்துக்கொண்டது.

ரிசேர்வ் விதி அவரைவிட அரை நூற்றாண்டு கூட வாழ்ந்தது. 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்போலுக்கு ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 1969இல் சென்ற் லூயிஸ் அணியின் கேர்ட் ஃபிளட், பன்னிரண்டு வருசம் ஆடிய தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் பிலடெல்பியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்தார், பிறகு வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய விளையாட்டு வாழ்க்கை அதோடு போனது. ஃபிளட் ஒரு கறுப்பினத்தவர். வோர்டின் லீக் யாருக்குக் கதவைத் திறக்கவில்லையோ, அவர்களில் ஒருவர்தான் வோர்டின் கேள்வியை மீண்டும் தூக்கிக்கொண்டு வந்தார். 1975 டிசெம்பரில், அன்டி மெசர்ஸ்மித், டேவ் மக்னலி என்ற இரண்டு பிட்சர்களின் விவகாரத்தில், ஒப்பந்தமில்லாமல் ஒரு பருவம் ஆடியவர் சுதந்திரமானவர் என்று நடுவர் பீற்றர் சைட்ஸ் தீர்ப்பளித்தார். வீரர் சங்கத்துக்கு அப்போது ஒப்பந்தத்தால் உறுதிசெய்யப்பட்ட ஒரு நடுவர் முறை இருந்தது. வோர்டின் சங்கத்தைப் போல மேசைக்கு வெளியே நிறுத்த முடியாத இடத்தில் அது இருந்தது.

வோர்ட் கட்டுரை எழுதியதிலிருந்து அந்தத் தீர்ப்பு வர 88 வருசம் பிடித்தது. இடையில் தோற்ற ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு ஒரு பாடத்தை விட்டுப் போனார்கள். வோர்ட் விட்டுப் போனது இரண்டு. தீர்மானம் எடுக்கும் மேசையில் உழைப்பவருக்குக் கதிரை இல்லையென்றால், லீக்கின் பெயரில் மட்டும் "வீரர்" இருந்து பிரயோசனமில்லை. இரண்டாவதை அவர் தெரிந்து விட்டுப் போகவில்லை: சங்கம் "நாங்கள்" எண்டு சொல்லேக்க அதுக்குள்ள யார் யார் இல்லை எண்டதையும் முதலே எண்ணிப் பார்க்க வேணும்.